வேலையை விட்ட வாத்தியார்: நல்லூர் ஆறுமுக நாவலர்



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். அப்போது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். அலுவலக வேலை, மாதச் சம்பளம், இபிஎப் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் தயார் பண்ணுகிறார். சனி ஞாயிறும் அதே வேலைதான். இனி முழு நேரமும் இதையே செய்யலாமா என்று கேட்டார். வீட்டில் அம்மா அழுகிறார்களாம். அப்பா பேசுவதே இல்லையாம்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. விட்டுடு என்று சொல்வதும் சுலபம், விடாதே என்று சொல்வதும் சுலபம். இரண்டு நாளைக்குப் பிறகு அவருக்கு ஒரு கதை சொன்னேன். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நின்ற இன்னொரு இளைஞரின் கதை அது. அவரை நாம் எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை மகத்தில் குருபூசை செய்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் அவரும் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிய ஒரு வாத்தியார்தான் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

நல்லூரில் ஒரு கடைக்குட்டி

யாழ்ப்பாணத்து நல்லூரில் 18.12.1822 அன்று கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் ஆறுமுகம். அப்பா தமிழ் படித்தவர், நாடகங்கள் எழுதியவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா காலமாகிவிட்டார். அண்ணன்மார்தான் படிக்க வைத்தார்கள். சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்குத்தான் போகணும். சைவப் பிள்ளைகளுக்கென்று முறையாக நடக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. திண்ணைப் பள்ளி இருந்தது, ஆனால் அங்கே படித்தவருக்கு உத்தியோகம் கிடைக்காது. அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் மிஷன் பள்ளியின் வாசலில் நின்றார்கள். ஆறுமுகமும் யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுதான்.

படிப்பில் கெட்டிக்காரர். இருபது வயது நிறைவதற்குள் அதே பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்தார். பள்ளித் தலைவராக இருந்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். ஆறுமுகத்தின் தமிழைப் பார்த்து, பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் பெரிய வேலைக்கு அவரையே துணைக்கு வைத்துக்கொண்டார். இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது.

நெற்றியில் திருநீற்றோடு போய் பைபிள் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தவர் அவர். மதம் மாறவில்லை. அதே சமயம் கொடுத்த வேலையில் ஏமாற்றவும் இல்லை. மொழிபெயர்ப்பு விஷயமாகப் பேர்சிவலோடு சென்னைக்கும் போனார். அங்கே மழவை மகாலிங்கையர் என்ற பெரிய புலவர் அதைப் பார்த்து, தமிழ் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார் என்று நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சம்பளம் தரும் வேலைக்கு அவர் செய்த நேர்மை அது.

வேலைக்கு முன்னாலும் பின்னாலும்

அந்த வேலையே அவருக்கு ஒரு விஷயத்தைத் தினமும் காட்டிக்கொண்டிருந்தது. மிஷன்காரர்கள் ஜெயிப்பது பணத்தால் மட்டும் இல்லை. அவர்களிடம் பள்ளிக்கூடம் இருக்கிறது, வகுப்பு வகுப்பாகப் பாடப் புத்தகம் இருக்கிறது, அச்சு இயந்திரம் இருக்கிறது. வாரா வாரம் சனங்களுக்குப் புரியும் மொழியில் எழுந்து நின்று பேசுகிறார்கள். 1841லேயே அமெரிக்க மிஷன் உதயதாரகை என்ற பத்திரிகையைத் தொடங்கிவிட்டது. நம்ம பக்கத்தில் என்ன இருந்தது? ஏட்டுச் சுவடி இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த சிலர் இருந்தார்கள். புராணப் படிப்பு நடந்தது. ஆனால் ஒரு சாதாரண சைவப் பிள்ளையிடம் உன் சமயம் என்ன சொல்லுகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பதில் தெரியாத பிள்ளையை யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆறுமுகம் இதைப் பார்த்துவிட்டு மறுநாளே ராஜினாமா கடிதம் எழுதவில்லை. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதலில் தான் படித்தார். ஆகமங்களையும் சித்தாந்த நூல்களையும் படிக்க வடமொழி கற்றுக்கொண்டார். பிறகு வீட்டிலேயே சில மாணவர்களைச் சேர்த்து, காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன்னாலும் ராத்திரி வந்த பிறகும் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார். நல்லூர் சதாசிவப்பிள்ளை போன்றவர்கள் அப்படி அவரிடம் வந்தவர்கள்தான். பின்னாளில் அவருடைய பள்ளியையும் அச்சகத்தையும் தாங்கிப் பிடித்ததும் இந்த மாணவர்களே.

அதற்கு அடுத்த படி மேடை. 31.12.1847, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம். நல்லூர் கார்த்திகேய ஐயரும் அவரும் மாறி மாறிப் பேசினார்கள். கோயிலில் ஒருவர் எழுந்து நின்று, ஏட்டைப் பார்த்துப் பாட்டுக்குப் பொருள் சொல்லாமல், வசன நடையில் நேரடியாகச் சனங்களோடு பேசுவது யாழ்ப்பாணத்துக்குப் புதுசு. கடவுள் ஒருவரே என்பது, சிவலிங்க வழிபாடு, தீட்சை, தானம், கொல்லாமை, கள் குடிப்பதால் வரும் கேடு என்று பேசினார். எதிரிகளை மட்டும் திட்டவில்லை. கோயிலை நடத்துகிறவர்கள் செய்யும் தப்பையும் சேர்த்தே சொன்னார். அதனால் நம்ம ஆட்களிலேயே பலருக்கு அவர்மேல் கோபம்.

இப்போ நிலைமையைப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் மிஷன் பள்ளியில் சம்பளம். காலையும் இரவும் சைவ வகுப்பு. வெள்ளிக்கிழமை சைவப் பிரசங்கம். இரண்டு படகில் கால் வைத்த மாதிரி எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்?

1848 செப்டம்பர்

அந்த வருஷம் செப்டம்பர் மாசத்தில் ஆறுமுகம் வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

பேர்சிவல் வேண்டாம் என்று தடுத்தார். கேட்கவில்லை. வேலையை விட்ட பிறகும் கூடுதல் சம்பளம் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். போகவில்லை. இருபது வருஷம் கழித்து வெளியிட்ட ஒரு விண்ணப்பத்தில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். தன்னோடு ஆங்கிலம் படித்தவர்கள் நல்ல நல்ல உத்தியோகத்தில் இருப்பதைத் தான் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொல்கிறார். அதாவது, வேறு வழி இல்லாததால் இந்தப் பக்கம் வந்தவர் இல்லை. வழி இருந்தும் வந்தவர். எதை இழக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கல்யாணமும் வேண்டாம் என்று முடிவு செய்தார். சைவத்தையும், அதை வளர்ப்பதற்குக் கருவியாகிய கல்வியையும் பெருக்குவதுதான் இனித் தன் வேலை என்று வைத்துக்கொண்டார். குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சம்பாதிக்க வேண்டும், அந்தக் கடமையைத் தட்ட முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இது எல்லாருக்கும் உரிய வழி இல்லை. ஆனால் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார் என்பதுதான் முக்கியம். அடுத்தவர் தலையில் செலவைக் கட்டிவிட்டுத் தியாகம் செய்கிறேன் என்று கிளம்பவில்லை.

பேர்சிவலோடு அவர் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். கொள்கையில் மோதல் இருந்தது. ஆனால் அவரிடமிருந்து கற்றுக்கொண்ட எதையும் அவர் தூக்கி எறியவில்லை. வகுப்பு நடத்தும் முறை, பாட நூல் எழுதும் முறை, எளிய வசனம், மேடைப் பேச்சு, அச்சு என்று எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து சைவத்துக்குப் பயன்படுத்தினார். அந்தச் சம்பள வேலையை அவர் வீணாகப் போன வருஷங்களாக நினைத்திருக்க முடியாது. அவருக்குப் பயிற்சிக்கூடமே அதுதான்.

பள்ளி வந்தது, அச்சு வந்தது

அதே 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகள் தங்கள் சமயத்தை விடாமல் முறையான கல்வி படிப்பதற்கு ஒரு பள்ளி. பள்ளி தொடங்கியதும் முதல் பிரச்சினை வந்தது. பாடம் நடத்தப் புத்தகம் எங்கே?

அதற்காக 1849ல் சதாசிவப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். அச்சு இயந்திரம் வாங்கத்தான் அந்தப் பயணம். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். கேட்டு மகிழ்ந்த ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. வேலையை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் ஆறுமுக நாவலர். சென்னையில் சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார். பிறகு அச்சு இயந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற பெயரில் அச்சகம் நிறுவினார்.

அங்கிருந்து புத்தகங்கள் வரத் தொடங்கின. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பாலபாடங்கள், ஆத்திசூடி, கொன்றைவேந்தன். சமயத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சைவ வினாவிடை. நம்ம ஊர்ச் சமய வகுப்புகளில் இன்றைக்கும் கேள்வி பதிலாகச் சமயம் படிக்கிறோமே, அந்த வழக்கத்தில் அவருடைய கை இருக்கிறது. 1852ல் பெரிய புராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். அறுபத்து மூவர் கதையைச் செய்யுள் படிக்கத் தெரியாதவரும் தானே எடுத்துப் படிக்கலாம் என்ற நிலை வந்தது. 1854ல் சைவ தூஷண பரிகாரம் வந்தது. சைவத்தைக் குறை சொன்னவர்களுக்கு அவர்கள் வேதத்தையே எடுத்து வைத்துப் பதில் சொன்ன நூல் அது. பைபிளை வரி வரியாக மொழிபெயர்த்தவரை விட அந்தப் பதிலை யார் எழுத முடியும்?

1860ல் சென்னையிலும் ஓர் அச்சகம் வைத்தார். 1861ல் திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பிழையில்லாமல் பதிப்பித்தார். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சரியான பாடத்தை எடுத்து அச்சிடும் வேலை அது. உ.வே.சாமிநாதையருக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்தவர் நாவலர். காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி போட்டுத் தமிழ் வசனத்தை வாசிக்க வசதியாக்கியவர்களில் முன்னோடியும் அவரே. 1864ல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

கொடுத்த விலை

இதைக் கேட்டால் வேலையை விட்டவுடன் எல்லாம் தானாக நடந்த மாதிரி இருக்கும். அப்படி இல்லை.

பள்ளிக்குப் பணம் எப்போதும் பற்றாக்குறை. பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. புத்தகம் விற்ற வருமானத்திலும் அன்பர்கள் தந்த நன்கொடையிலும்தான் ஓட்டினார். உதவி கேட்டு விண்ணப்பங்கள் எழுதினார். வாக்குக் கொடுத்துவிட்டுக் காசு தராதவர்களையும் பார்த்தார். 1872ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அவர் மிகவும் ஆசைப்பட்ட திட்டம் அது. உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படிக்கப் போகும் பிள்ளை சமயத்தை விட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் கனவின் மையம். ஆனால் பணம் போதாமல் நாலு வருஷத்தில் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

நம்மவர்களோடும் ஓயாத வழக்கு. நல்லூர்க் கோயில் நடைமுறை ஆகமப்படி இல்லை என்று எழுதினார். வள்ளலார் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற விவாதம் 1869ல் நீதிமன்றம் வரைக்கும் போனது. இன்றைக்கு நாம் வள்ளலார் பாடலையும் பாடுகிறோம், நாவலர் புத்தகத்தையும் படிக்கிறோம். பெரியவர்கள் இருவரும் மோதியதை மறைக்க வேண்டியதில்லை. அதில் பக்கம் பிடித்து நாம் இன்னொரு முறை சண்டை போடவும் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லணும். சாதி விஷயத்தில் நாவலர் தன் காலத்தைத் தாண்டி வரவில்லை. பழைய சாதி முறையை அவர் ஏற்றுக்கொண்டார், எழுதியும் வைத்தார். அவர் திறந்த கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. நம் இயக்கத்தில் யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. குருபூசை செய்வதால் ஒருவரின் எல்லாக் கருத்தையும் தலையில் தூக்கி வைக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்வோம். அவர் விட்டதை நாம் சரி செய்வோம்.

கடைசி வருஷங்கள்

1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தன. அப்போது நாவலர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கஞ்சித் தொட்டி நடத்தினார். பணம் திரட்டிப் பசித்தவர்களுக்கு ஊற்றினார். சனங்கள் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அதிகாரியை எதிர்த்து எழுதினார். 1879ல் சட்ட நிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் வருவதற்குப் பக்கபலமாக நின்றார். அதே வருஷம் 5.12.1879 அன்று, கார்த்திகை மக நட்சத்திரத்தில் காலமானார். ஐம்பத்தேழு வயது கூட நிறையவில்லை.

அவர் மூட நேர்ந்த ஆங்கிலப் பள்ளி என்ன ஆயிற்று? அந்தக் கனவைப் பின்னால் வந்தவர்கள் விடவில்லை. 1888ல் யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபை அமைந்தது. 1890ல் அதன் பொறுப்பில் இந்துக் கல்லூரி நடக்கத் தொடங்கியது. அவர் தோற்ற இடத்திலேயே அவர் நினைத்தது நடந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

நமக்கு என்ன?

அந்தத் தம்பிக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டேன்.

முதலாவது, சம்பளம் இருக்கும்போதே எவ்வளவு செய்து பார்த்தாய்? நாவலர் வேலையில் இருந்துகொண்டே படித்தார், மாணவரைச் சேர்த்தார், மேடை ஏறினார். விட்ட நாளில் அவர் கையில் வெறும் ஆசை மட்டும் இல்லை. மாணவர்கள் இருந்தார்கள், கேட்க வரும் சனங்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, செலவுக்கு என்ன வழி? நாவலர் அச்சகம் வைத்தார். அது சமயத் தொண்டாகவும் இருந்தது, பள்ளிக்கு வருமானமாகவும் இருந்தது. உன்னுடைய அச்சகம் எது?

மூன்றாவது, உன் முடிவின் பாரத்தை யார் சுமப்பார்? நீயா, அம்மாவா? நாவலர் அதைத் தன் தோளிலேயே ஏற்றிக்கொண்டார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை என்றார். சரி, பதில் கிடைக்கும் வரைக்கும் ராத்திரி வகுப்பு ஓடட்டும் என்றேன். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து கணக்கைக் காட்டப் போவதாகச் சொன்னார். அதுவே நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் வேலையை விட வேண்டும் என்பதும் இல்லை. நம்ம நாட்டையே பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலை பார்த்தார்கள். நாவலர் வளர்த்த மரபில் வந்தவர்கள் அவர்கள். சம்பள வேலையை விடாமலே, அதிலிருந்து மிச்சம் பிடித்துக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலையும் சிங்கப்பூர் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலையும் கட்டி எழுப்பினார்கள். ஒருவர் முழு நேரமும் கொடுத்தார். பலர் மாலை நேரத்தைக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் இன்றைக்கு நமக்கு வகுப்பும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது.

அடுத்த கார்த்திகை மகத்தில் நாவலர் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றும்போது, 1848 செப்டம்பரில் பள்ளி வாசலை விட்டு வெளியே நடந்து வந்த அந்த இருபத்தைந்து வயது வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுதான் அவருக்கும்.